மூன்று கம்பு, ஒரு செயின் பிளாக்: வாசலில் வைத்து மாருதி 800 எஞ்சினைக் கழற்றிய கதை

எஞ்சினைத் தூக்கி, காருக்கு வெளியே எடுத்து, பழைய டயர் ஒன்றின் மேல் உட்காரவைக்க எங்களுக்கு ஆனது இருபத்தைந்து நிமிடம். அதற்கு முன்னால் போனது ஒன்றரை நாள். கேட்பவர்கள் எல்லோருமே அந்த இருபத்தைந்து நிமிடத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "கிரேன் இல்லாம எப்படிங்க தூக்கினீங்க?" என்று. ஒன்றரை நாளைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதலில் காரைப் பற்றி. தொண்ணூறுகளில் வந்த மாருதி 800. கார்பரேட்டர் வைத்த பழைய ரகம், மூன்று சிலிண்டர், 796 சிசி, முன்சக்கர இழுவை. அப்பா சேவைக்காலம் முடிந்து வந்த இ.பி.எப். காசில் பாதியைப் போட்டு, ஏற்கெனவே மூன்று கை மாறிய வண்டியாக வாங்கியது. இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து டிக்கோயா பக்கமாகப் போய், பெரிய பாதையை விட்டு நான்கு கிலோமீற்றர் தோட்டத்துப் பாதையில் ஏறினால் எங்கள் வீடு. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கல் பதித்த காலம் ஒன்று இருந்தது, இப்போது கல் மட்டும்தான் மிச்சம்.

போன வருசக் கடைசியில் கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது கித்துல்கல தாண்டி கினிகத்தேன ஏற்றத்தில் சத்தம் தொடங்கியது. மூன்றாம் கியரில் மிதித்தால் டக் டக் என்று அடியிலிருந்து தட்டும், காலை எடுத்தால் குறையும். சூடேறிய பிறகு சும்மா ஓடவிட்டால் எண்ணெய் விளக்கு கண் சிமிட்டும். நீலப் புகை அதற்கு முன்பே ஒரு வருசமாக இருந்தது, அதை நாங்கள் பழகிக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு வேலை செய்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார் (கையில் தடித்த ரப்பர் உறையோடு, நீங்களும் அப்படியே செய்யுங்கள்). நடு சிலிண்டர் வயரைக் கழற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றால் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கை) மேல் விழும் அடியும் நின்றுவிடும். அப்படியென்றால் தட்டுவது அந்த ராட்டின் பேரிங்தான். "இனி ஸ்டார்ட் பண்ணாத மருமகனே, ஓட்டினா கிராங்க் போயிரும்" என்றார். சாவியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன், அதுதான் பாதுகாப்பான இடம்.

மாமா அம்மாவின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருசத்துக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வெடுத்தவர். கொழுந்து அரைக்கும் ரோலர்களைக் கழற்றித் தூக்கி மாட்டிய கை. கார் எஞ்சின் அவருக்குப் பெரிய விசயமில்லை என்று நினைத்தேன். அவரோ முதல் நாள் முழுக்க எஞ்சினைத் தொடவே இல்லை, வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஏன் கராஜுக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்கலாம். ஓட்ட முடியாத காரை அந்தப் பாதையில் கட்டி இழுத்து இறக்க வேண்டும், அதற்கு ஒரு லொறி. கராஜில் வைத்தால் கழற்றக் கூலி, மாட்டக் கூலி, இடையில் லேத்துக்கு (உலோகம் கடையும் பட்டறைக்கு) போய் வரும் நாள்களுக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பதற்காக கராஜ் பாஸின் முகச்சுளிப்பு. எங்களுக்கு உண்மையில் ஹட்டனுக்குப் போக வேண்டியது கார் இல்லையே, எஞ்சின் பிளாக்கும் கிராங்கும்தான். அவை இரண்டும் ஒரு த்ரீவீலில் போய்விடும். இதை யோசித்த பிறகு வேறு கேள்வி எழவில்லை.

வேறு எஞ்சின் வாங்கி மாட்டலாமே என்று மச்சான் சொன்னான். மாட்டலாம். ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்ற வேண்டும், அதற்கு அலைய வேண்டும். தவிர 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களுக்கும் அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் வந்த விலை நமக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தும் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன மாறிவிட்டது? சொந்த பிளாக்கையே சரிசெய்வது என்று முடிவு.

சரி, எதில் தொங்கவிடுவது?

முதல் யோசனை என்னுடையது. இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) முகட்டு விட்டத்தில் செயின் பிளாக்கை, அதாவது சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பியை, கட்டலாம் என்றேன். மாமா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. அது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) விட்டம். தகரத்தையும் மழையையும் தாங்குவதற்கு வைத்த மரம், ஒரு புள்ளியில் நூறு கிலோ இழுப்பதற்கு வைத்ததல்ல. எத்தனை வருசமாகக் கறையான் அதில் குடியிருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் காம்பராவும் அதே விட்டத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது, வாசல் ஓரத்துச் சவுக்கு மரம். நம் தேயிலை மலையெல்லாம் நிழலுக்கு நிற்கிறதே, அந்தச் சவுக்கு. பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அதன் கிளை காற்றுக்கே முறியும் ரகம், ஆனி ஆடிக் காற்றில் எத்தனை கிளை பாதையில் கிடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதில் எஞ்சினையும் தொங்கவிட்டு அடியில் ஆளையும் நிறுத்த முடியாது.

மூன்றாவது, எஞ்சினை மேலே எடுக்காமல் கீழே இறக்கி, காரின் முன்பக்கத்தைத் தூக்கி, அடியால் இழுத்து எடுப்பது. நல்ல சமதளக் கொங்கிரீட் தரை இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன், பாரம் உயரத்தில் இருக்கவே இருக்காது. ஆனால் காரின் மூக்கை இரண்டரை அடிக்கு மேல் தூக்கி நிறுத்த வேண்டும். எங்கள் வாசலோ மண், அதுவும் சரிவு.

தோளில் பைப் வைத்து இரண்டு பேர் தூக்குவதும் உண்டு. பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்தாலும் இரண்டு மூட்டை சீமெந்துக்குள்தான் வரும் என்பது எங்கள் கணக்கு, பலசாலிகள் இரண்டு பேருக்கு அது முடியாத பாரமில்லை. முடியாதது என்னவென்றால், தூக்கிக்கொண்டு நிற்கும்போது ஏதாவது மாட்டிக்கொண்டால் அப்படியே பிடித்துக்கொண்டு யோசிப்பது. செயின் பிளாக் கையை விட்டாலும் நிற்கும். பின்னால் ஒரு இடத்தில் இதுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஆக முக்காலி. தோட்டத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அண்ணன் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டுகிறார். சிலாப் போட முட்டுக்கொடுக்க டர்பன்டைன் மரக் கம்புகள் அடுக்கி வைத்திருந்தார். அடி ஐந்து அங்குலம், நீளம் பன்னிரண்டு அடி, நேராக, காய்ந்தவை. மூன்று கேட்டோம். "சிலாப் போடுறதுக்கு முந்தி வந்துரணும்" என்று சொல்லிக் கொடுத்தார். கோயில் பந்தல் குழாய்கள் கேட்டாலும் கிடைத்திருக்கும், ஆனால் இரும்புக் குழாயில் கயிறு வழுக்கும், மழை பட்டால் இன்னும் வழுக்கும் என்று மாமா வேண்டாமென்றார். மரம் கயிற்றைப் பிடிக்கும்.

முக்காலியைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன், அது தெரியாமல் யாரும் கட்டக்கூடாது. கால்களை நடுவிலிருந்து ஐந்தடி தள்ளி ஊன்றினால் உச்சி ஏறத்தாழ பதினொரு அடியில் இருக்கும். நூறு கிலோவைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு காலும் கீழ்நோக்கி முப்பத்துச் சொச்சம் கிலோ அமுக்கும், அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒவ்வொரு காலும் வெளியே பதினைந்து கிலோ அளவுக்குத் தள்ளும். காலை இன்னும் அகட்டினால் அந்தத் தள்ளல் இன்னும் கூடும். ஈர மண்ணில் அது சறுக்கப் போதும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் ஓரடிக் குழி, குழிக்குள் ஒரு பலகைத் துண்டு, பிறகு மூன்று கால்களையும் தரையோடு சுற்றி ஒரு சங்கிலி. முக்காலி விழுவது பாரத்தால் இல்லை, கால் விரிவதால்தான்.

கால்கள் மூன்றும் எட்டரை அடி இடைவெளியில் வந்தன. மாருதியின் அகலம் 1,440 மில்லிமீற்றர், நாலேமுக்கால் அடிக்குள். ஒரு கால் காரின் மூக்குக்கு முன்னால், மற்ற இரண்டும் இரண்டு பக்கமும். காரைப் பின்னால் உருட்டும்போது இரண்டு கால்களுக்கு நடுவே தாராளமாகப் போகும். ஏனென்றால் முக்காலி நகராது, எஞ்சினும் நகராது, நகரவேண்டியது கார்தான். கிரேனில் செய்கிறவர்களுக்கு இந்த யோசனை வேண்டியதில்லை, அவர்கள் எஞ்சினைக் கிரேனோடு தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

இங்கேதான் மாமா முதல் நாள் முழுக்க தரையைப் பார்த்ததற்குக் காரணம் புரிந்தது. மலைநாட்டில் சமதரை என்று நாம் சொல்வதெல்லாம் கண்ணுக்குத்தான். தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்துப் பார்த்தபோது பத்தடிக்கு நான்கு அங்குலச் சரிவு, கானை (வடிகாலை) நோக்கி. எஞ்சின் இல்லாத கார் ஒன்றை உருட்ட அது போதும். அப்படியானால் மூக்கை எந்தப் பக்கம் வைப்பது? நான் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைக்கலாம் என்றேன், பின்னால் தள்ளும்போது மேடு, ஓடிப்போகாது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "எஞ்சின் தொங்குறப்ப கார் எஞ்சினை விட்டு விலகத்தான் பாக்கணும். எஞ்சினை நோக்கி வரவே கூடாது." கை தவறினால் கார் முன்னால் உருண்டு, தொங்கும் எஞ்சினிலும் முக்காலியின் முன்காலிலும் போய் இடிக்கும், அது அவருடைய பயம். மூக்கு மேட்டுப் பக்கம் இருந்தால் கை தவறினாலும் பின்னால் போய் மண் அணையில் முட்டும், அவ்வளவுதான். அணையில் நாலு பழைய டயரைச் சாய்த்து வைத்தோம். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஒரேயொரு விலை இருந்தது, அதைத் திரும்ப மாட்டும்போது கொடுத்தோம்.

தைப்பொங்கல் முடிந்த பிறகுதான் வேலையை வைத்தோம். வட்டவளைப் பக்கத்து மழை எங்களுக்கும் வரும், வைகாசி தொடங்கினால் வாசலில் ஒரு ஸ்பேனரைக் கூட வெளியே வைக்க முடியாது. தை மாசியில் காலையில் விரல் விறைக்கும், ஆனால் காய்ந்திருக்கும்.

கழற்றிய வேலை. இது எந்தப் புத்தகத்திலும் இருக்கும், வேகமாகச் சொல்கிறேன். பேட்டரி முதலில். பொனட்டைக் கழற்றும் முன் கீல் இருந்த இடத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்தோம், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக வராது. தண்ணீர், எண்ணெய் இறக்கி, ரேடியேட்டரையும் அதன் விசிறியையும் வெளியே எடுத்தோம். காற்று வடிகட்டி, கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்நேட்டர் எல்லாம் எஞ்சினோடே வரும்தான், ஆனால் இடம் கிடைக்கவும் இடித்து உடையாமலிருக்கவும் கழற்றிவிட்டோம். பெற்றோல் குழாய் இரண்டு, போவது ஒன்று, திரும்புவது ஒன்று. இரண்டையும் போல்ட் சொருகி அடைத்தோம். ஆக்சிலேட்டர், சோக், கிளட்ச், ஸ்பீடோமீற்றர் கேபிள்கள். கியர் கம்பிகள். சைலன்சர் குழாய் மேனிபோல்டோடு சேரும் இடத்தில் இருந்த போல்ட்டுகள்தான் அரைநாளைத் தின்றன. துரு. முதல் நாள் மாலையே எண்ணெய் அடித்து ஊறவிட்டும், ஒன்று முறிந்தது. அது முறிந்ததில் வருத்தமில்லை, லேத்தில் எடுத்துவிடுவார்கள்.

தம்பி ஒரு சிஆர் கொப்பியில் ஒவ்வொன்றாக வரைந்து, ஒவ்வொரு வயரிலும் காகித டேப் ஒட்டி நம்பர் போட்டான். போல்ட்டுகள் யோகட் கோப்பைகளில், கோப்பை மேல் அதே நம்பர். போனில் படம் எடுத்தால் போதாதா என்று நான் சிரித்தேன். படத்தில் வயர் எங்கே போகிறது என்று தெரியும், எதற்குப் பின்னால் போகிறது என்று தெரியாது.

டிரைவ் ஷாப்ட் (கியர்பொக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டு) விசயத்தில் மட்டும் நின்று சொல்ல வேண்டும். சக்கரத்துப் பக்கத்துப் பெரிய நட்டைத் திறக்கவே திறக்காதீர்கள். ஷாப்டைக் கியர்பொக்ஸ் பக்கம் மட்டும் கழற்றினால் போதும். கீழ்க்கையின் பந்து மூட்டைப் பிரித்து, சக்கரத்தை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கியர்பொக்ஸுக்கும் மூட்டுக்கும் நடுவே லீவர் கொடுத்து ஒரே நெம்பு, உள்ளே இருக்கும் வளைய லாக் விடுபட்டு வந்துவிடும். வந்ததைக் கம்பியால் மேலே கட்டிவைத்து, பந்து மூட்டைத் திரும்ப முடுக்கிவிடுங்கள். ஏன் என்றால் நாம் இந்தக் காரை அதன் சொந்தச் சக்கரத்தில் உருட்டப் போகிறோம். முன்சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த ஷாப்டும் அதன் நட்டும்தான். அது இல்லாமல் சக்கரத்தை உருட்டினால் பேரிங் போய்விடும், எஞ்சின் வேலையோடு அந்தச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இடத்தில்தான் எங்கள் முதல் தவறு. கியர் எண்ணெயை முன்பே இறக்கியிருந்தோம், வடிந்து முடிந்தது என்றும் நினைத்தோம். ஆனால் அப்போது கார் மூக்கைத் தூக்கி ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகள் மேல் நின்றது, வாசலின் சரிவு வேறு. வடிகால் துளை அந்த நிலையில் ஆகத் தாழ்ந்த இடமே இல்லை. ஒரு மூலையில் மீதி தேங்கிக் கிடந்திருக்கிறது. ஷாப்டை உருவியதும் அது மடமடவென்று கொட்டி, நேராகக் கானை நோக்கி ஓடியது. அந்தக் கான் எங்கே போகிறது? கீழ்க்கணக்குப் பீலிக்கு (தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) மேலே இருக்கும் மரக்கறித் தோட்டத்துக்கு. அம்மா சத்தம் போட்டுக்கொண்டே அடுப்புச் சாம்பலை வாளியோடு கொண்டுவந்து கானுக்கு முன்னால் அணையாகக் கொட்டினார். அதன்மேல் மரத்தூள் போட்டு அள்ளினோம். அரை மணி நேரம் போனது, திட்டு தனி. இப்போது யாராவது கேட்டால், எண்ணெய் இறக்கும்போது கார் மட்டமாக நிற்கட்டும், தூக்குவதைப் பிறகு தூக்குங்கள், ஒரு பழைய பேசினையும் அடியில் விட்டுவையுங்கள் என்பேன்.

கட்டைகள் பற்றியும் ஒரு வார்த்தை. புளொக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை வைத்துவிட்டு உள்ளே படுக்கிறவர்களைப் பார்க்கிறேன். சுவருக்குச் செய்த கல் அது, ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரக்கட்டை நசுங்கும், கிறீச்சிடும், எச்சரிக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மவுண்டிங் (எஞ்சினைக் காரோடு பிடித்துவைக்கும் இடங்கள்) மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தோம். முக்காலியை நிறுத்தி, முதலில் எஞ்சினைத் தொங்கவிடவில்லை. அண்ணனிடம் இரண்டு மூட்டை சீமெந்தைக் கடன் வாங்கிச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டோம். நூறு கிலோ. பத்து நிமிடம் தொங்கியது. ஒரு கால் அரை அங்குலம் உள்ளே இறங்கி நின்றது, அதற்குமேல் ஒன்றுமில்லை. மூட்டைகளை நனையாமல் திருப்பிக் கொடுத்தோம்.

சங்கிலியை எஞ்சினில் இரண்டு இடத்தில் மாட்டினோம், ஒன்று எஞ்சின் பக்கம் மேலே, ஒன்று கியர்பொக்ஸ் சேரும் இடத்தில், குறுக்கு மூலையாக. கொக்கியைச் சரியாக நடுவில் விடாமல் கொஞ்சம் எஞ்சின் பக்கம் தள்ளி மாட்டியதால் கியர்பொக்ஸ் தாழ்ந்து தொங்கும். வெளியே வரும்போது அந்தச் சாய்வு வேண்டும். நான் காருக்குப் பக்கத்தில், மச்சான் சங்கிலியில், தம்பி கைப்பிரேக்கில், மாமா எதையும் தொடாமல் தள்ளி நின்றார். ஒருத்தர் சும்மா நிற்கத்தான் வேண்டும், அவருடைய சட்டம் அது.

மவுண்டிங் போல்ட்டுகள் வந்தன. சங்கிலி கறக் கறக் என்று ஓடியது. எஞ்சின் ஓரங்குலம் எழும்பியது, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாருக்கும் முகத்தில் சிரிப்பு.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!"

மச்சான் கையை எடுத்தான். எஞ்சின் அப்படியே தொங்கியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா காரின் முன் மட்கார்டைக் காட்டினார். "எஞ்சின் எங்க எழும்புது? கார்தானே எழும்புது." பார்த்தால் உண்மை. ஒரு பக்கத்து ஸ்பிரிங் நீண்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி கூடியிருந்தது. ஏதோ ஒன்று எஞ்சினையும் காரின் பொடியையும் (உடலையும்) இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

டோர்ச் அடித்துத் தேடினோம். கியர்பொக்ஸுக்குப் பின்னால், கிரீஸும் சேறும் பூசி பெட்டியின் நிறமே ஆகிப்போயிருந்த எர்த் பட்டை. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் ஒரு தட்டையான செம்புப் பின்னல், பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று. கொப்பியில் இல்லை, படத்தில் இல்லை, டேப் ஒட்டவில்லை. அதைத் தோளில் வைத்துத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாரம் ஒரு பக்கம் இழுக்க, ஒருவன் கை நழுவ, எஞ்சின் அவன் காலில். இங்கே, செயின் பிளாக்கைப் பூட்டியபடி விட்டுவிட்டு ஒரு டீ கூடக் குடித்திருக்கலாம். உண்மையில் குடித்தோம். பிறகு இரண்டு அங்குலம் இறக்கி, பட்டையைத் தளரவிட்டுக் கழற்றினோம். ரிவர்ஸ் விளக்கின் வயர் ஒன்றும் அதற்குப் பக்கத்தில் மாட்டியபடியே இருந்தது, அதுவும் கொப்பியில் இல்லை. தம்பி கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

மறுபடி தூக்கியபோது ஒரு புதுமை. எஞ்சினின் பாரம் போகப் போகக் காரின் மூக்கு தானாக எழும்புகிறது, ஸ்பிரிங்கில் பாரம் இல்லையே. நாம் எஞ்சினைத் தூக்க, முன் பலகையும் கூடவே இரண்டு அங்குலம் எழும்பி வந்து வழியை மறிக்கிறது. உயரத்தை முன்கூட்டி அளந்து, "இவ்வளவு போதும்" என்று சங்கிலியைக் கட்டியிருந்தவர்களுக்கு இங்கே சங்கிலி தீர்ந்துபோகும். எங்களுக்கு அரையடி மிச்சம் இருந்தது, அது திட்டமில்லை, அதிர்ஷ்டம்.

எண்ணெய்ச் சட்டி முன் பலகையைத் தாண்டியதும் தம்பி கைப்பிரேக்கை விட்டான். பின்சக்கரத்து ஆப்புகளைக் கயிறு கட்டி வைத்திருந்தோம், அதை இழுத்ததும் கார் தானாகவே மெல்லப் பின்னால் நகர்ந்து, ஏழடி போய், ஆப்பு திரும்ப விழுந்து நின்றது. யாரும் தள்ளவில்லை. எஞ்சின் வெறும் காற்றில், மூன்று கம்புக்கு நடுவில், கீழே சுற்றி நின்ற பிள்ளைகளோடு. லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், அவர்களை விலக்குவதே தனி வேலை. டயரைக் கீழே உருட்டிவிட்டு இறக்கினோம். ஒரு மணி நேரத்தில் கியர்பொக்ஸைப் பிரித்து, மறுநாள் காலை பிளாக்கும் கிராங்கும் த்ரீவீலின் பின் சீட்டில் ஹட்டனுக்குப் போயின.

லேத்தில் சொன்னது நாங்கள் நினைத்ததுதான். நடு ராட்டின் பேரிங் செம்பு தெரியும் வரை தேய்ந்திருந்தது. கிராங்கை 0.25 மில்லிமீற்றர் தேய்த்து, அதற்கேற்ற பேரிங். சிலிண்டர்களின் அசல் விட்டம் 68.5 மில்லிமீற்றர், அதிலிருந்து 0.50 கூட்டிப் போர் பண்ணி (துளையைக் கடைந்து பெருக்கி) புதுப் பிஸ்டன், ரிங். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டையும் ஒரு வழித்து வழித்தார்கள், ஏனென்றால் வண்டி முன்பு எப்போதோ சூடேறி லேசாக வளைந்திருந்தது. அதற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி என்பது என் சந்தேகம். கடல்மட்டத்தில் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும், 1,200 மீற்றருக்கு மேல் இருக்கும் எங்கள் ஊரில் 96க்கே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் அது கொதிக்காமலிருக்கிறது. மூடி களைத்துப்போனால் ஏற்றம் ஏறி முடியும் இடத்தில், எஞ்சின் ஆகச் சூடான நேரத்தில், தண்ணீர் ஆகச் சீக்கிரம் கொதிக்கும். பழைய மூடியின் ரப்பர் பிஸ்கட் மாதிரி உடைந்தது. புது மூடி, மொத்தச் செலவிலேயே ஆக மலிவான சாமான்.

திரும்ப மாட்டியது மூன்று வாரம் கழித்து. மூக்கை மேட்டுப் பக்கம் வைத்ததற்கான விலை அன்றுதான். காரை ஏழடி மேட்டில், முக்காலிக்கு நடுவே, தொங்கும் எஞ்சினுக்கு அடியில் அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். நாலு பேர் பின்னால், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆப்பை நகர்த்த ஒருத்தர். கிளட்ச் தட்டை நடுவில் வைக்கச் சாமான் இல்லாததால் தும்புத்தடிக் கம்பில் டேப் சுற்றி அளவு பார்த்து வைத்தோம், அது முதல் தடவையே சேர்ந்தது. ஆனால் எஞ்சினை மவுண்டிங்கில் உட்காரவைக்கக் கழற்றியதைப் போல மூன்று மடங்கு நேரம் ஆனது. ஒரு துளை சரியானால் மற்றது விலகும். மூன்று போல்ட்டையும் பாதி மட்டும் முடுக்கிவிட்டு எஞ்சினை ஆட்டி ஆட்டிக் கடைசியில் இறுக்க வேண்டும் என்பது ஒரு மணி நேரம் திட்டிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

எர்த் பட்டையை முதலில் மாட்டினான் தம்பி. எதற்கும் முன்னால்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டோம். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் பண்ணினால் கார்பரேட்டர் வழியாகப் படாரென்று வெடித்தது, வாசலில் படுத்திருந்த நாய் அடுத்த லயத்துக்கே போய்விட்டது. 1-3-2 என்ற சிலிண்டர் வரிசையில் வெடிக்க வேண்டிய எஞ்சினில் இரண்டு வயரை மாற்றி மாட்டியிருந்தேன். அது என் வேலை, கொப்பியைப் பார்க்காமல் செய்தது. மாற்றியதும் பிடித்துக்கொண்டது.

கணக்கு: லேத் வேலையும் சாமான்களும் தவிர்த்து, கழற்றி மாட்டிய வகையில் எங்கள் கையிலிருந்து போனது கயிறு, ஆணி, டேப், இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய், உடைந்த ஒரு ஸ்பேனர், எல்லாருக்கும் இரண்டு நேரச் சாப்பாடு. மாமா கூலி வாங்கமாட்டார், அவருக்கு ஒரு சாரமும் சேர்ட்டும். அம்மாவின் சாம்பல் கணக்கில் வராது என்று நாங்கள் நினைக்கிறோம், அம்மா அப்படி நினைக்கவில்லை.

கம்புகளை அண்ணனிடம் சிலாபுக்கு மூன்று நாள் முந்தி திருப்பிக் கொடுத்தோம். ஒன்றின் உச்சியில் சங்கிலி அழுத்திய தடம் அரை அங்குலத்துக்குப் பதிந்திருந்தது, அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் சமையல்கட்டு மூலைக்குக் கொண்டுபோய் முட்டுக்கொடுத்தார்.